விதி எழுதும் இடத்தில் நாமும்: தோல் வட்டாரத்து நிரலாளர்களின் கொள்கைப் பிரகடனம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்தில் பிறந்து, நிரல் எழுதிப் பிழைக்கும் நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். டேனரித் தொழிலாளிகளின் பிள்ளைகள் எங்களில் உண்டு. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப்போய் ஷூ அப்பர் தைக்கும் பெண்களின் பிள்ளைகள் உண்டு. தோல் மண்டிக் கணக்கு எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளும் உண்டு. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், உருது பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்தே இதை எழுதுகிறோம்.

எங்கள் நோக்கம் ஒன்றே. நாங்கள் அன்றாடம் கையாளும் கட்டற்ற நிரல்மொழிகளில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று விவாதம் நடக்கும் இடத்துக்கு, இந்த வட்டாரத்தின் தேவையும் தமிழின் தேவையும் முறையான முன்மொழிவுகளாகப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேரும்வரை உழைப்பதே இந்த இயக்கம்.

எங்கோ எழுதிய விதி

விதியை ஓரிடத்தில் எழுத, விளைவு வேறிடத்தில் இறங்கும் என்பதை இந்த வட்டாரம் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் காக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனாலை 1989 டிசம்பரில் ஜெர்மனி தடை செய்தது. நம் ஏற்றுமதியாளர்கள் மாற்று மருந்து தேடி ஓடினார்கள். அடுத்து அசோ சாயங்களில் சில தடையாயின. 2015 மே 1 முதல், தோலில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குள் அடங்க வேண்டும் என்றது ஐரோப்பிய ஒன்றியம். உடலுக்குக் கேடானதைத் தடுக்கும் இந்த விதிகளில் நியாயம் உண்டு. ஆனால் அவை எழுதப்பட்ட அறையில் ஆம்பூர்க்காரர் ஒருவருக்கும் நாற்காலி இருந்ததில்லை.

இதற்கு மறுபக்கமும் இந்த மண்ணிலேயே உண்டு. டேனரிக் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதையும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. இன்று இந்தியாவில் எந்த ஆற்றுக்காக யார் வழக்குப் போட்டாலும் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்கிறார்கள். ஒரு வட்டாரத்து மக்கள் ஆதாரத்தோடு போய் நின்றால் நாட்டின் விதியே மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எங்களுக்குத் தேவையில்லை.

கட்டற்ற நிரல்மொழிகளின் உலகத்தில் அந்த அறைக்குப் பூட்டு கிடையாது. மூலநிரல் திறந்திருக்கிறது. விவாதம் திறந்திருக்கிறது. முன்மொழிவு எழுதும் முறையும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நுழைவதற்கு வேண்டியது உழைப்பும் பொறுமையும்தான். அவை இரண்டும் இந்த வட்டாரத்தில் உண்டு.

போகாமல் இருந்தால் என்ன ஆகும்

எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தமிழுக்கான அட்டவணை, 1988ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டு முறையைத் தழுவி அமைந்தது. இந்திய எழுத்துமுறைகள் எல்லாவற்றையும் தேவநாகரி வரிசைக்கு ஒத்துவருமாறு அடுக்கியது இஸ்கி. அதனால் அட்டவணையில் ந-வுக்குப் பக்கத்தில் ன நிற்கிறது. ர-வுக்குப் பக்கத்தில் ற நிற்கிறது. ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை யூனிகோடு பிறகு நகர்த்தாது. அது அதன் உறுதியான கொள்கை.

இதன் விலை என்னவென்று பாருங்கள். ஆலங்காயம், ஆற்காடு, ஆம்பூர் என்று நம் ஊர்கள் மூன்றை பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், ஆம்பூர், ஆற்காடு, ஆலங்காயம் என்று தரும். அகராதி வரிசை கற்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, ஆலங்காயத்துக்குப் பிறகுதான் ஆற்காடு வரும் என்று சொல்லும். ல, வ, ழ, ள, ற, ன என்பதுதானே நம் வரிசை. கணினி குறியெண்ணைப் பார்க்கிறது. குறியெண்ணில் ற முந்திக்கொள்கிறது. தமிழ் வரிசையைச் சரியாகச் செய்யும் விதிகள் ஐசியு என்ற பொது லைப்ரரியில் இருக்கின்றன. ஆனால் பைத்தானை நிறுவியவுடன் மாணவர் கைக்கு வருவது அந்த வரிசை கிடையாது. தொழிலாளர் பட்டியலோ, வாக்காளர் பட்டியலோ, நூலக அட்டவணையோ, யார் நிரல் எழுதினாலும் இந்தக் கோணல் உள்ளே வந்து உட்காரும்.

குறியீட்டு விவாதம் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. உத்தமம் அமைப்பு 2000இல் உருவாகி உலகத் தமிழ்க் கணிமைக்காரர்களை ஒன்றுசேர்த்தது. அந்தத் தலைமுறை எழுத்துருவுக்கும் விசைப்பலகைக்கும் போராடியது. நிரல்மொழிகளின் உள்விதிகளுக்குப் போராடுவது எங்கள் தலைமுறையின் முறை.

தோல் என்று பெயரிட முடியாத மொழி

கோ மொழியை எடுத்துக்கொள்வோம். 2009 நவம்பரில் கட்டற்ற மொழியாக வெளிவந்து இன்று உலகின் பெரிய சேவையகங்களை ஓட்டுகிற மொழி அது. அதில் மாறிக்குப் பெயர் வைக்க ஒரு விதி உண்டு: யூனிகோடில் எழுத்து என்று வகைப்படுத்தியவையும், எண்ணும், அடிக்கோடும் மட்டுமே பெயரில் வரலாம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது தோல் என்ற பெயரை அந்த விதியில் போட்டுப் பாருங்கள். கணினிக்கு அது நான்கு குறிகள்: த, ஓகாரக் குறி, ல, புள்ளி. இவற்றில் த-வும் ல-வும் எழுத்து வகை. ஓகாரக் குறியும் புள்ளியும் சேர்க்கைக் குறி வகை. இரண்டாவது குறியிலேயே கோ நின்றுவிடுகிறது. கூலி நிற்கிறது, வேலூர் நிற்கிறது, பாலாறு நிற்கிறது. பல, சக போல அகரம் மட்டும் கொண்ட சில சொற்களே தப்பிக்கின்றன. மற்ற உயிர்மெய்யும் மெய்யும் இல்லாமல் தமிழ் ஏது?

இந்த விலக்கை கோ மொழியை உருவாக்கியவர்கள் தெரிந்தேதான் வைத்தார்கள். விதி எளிமையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் காரணம். தேவநாகரி போன்றவை இதனால் வெளியே நிற்கின்றன என்பதை அவர்களே எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆகவே இதைச் சூழ்ச்சி என்று நாங்கள் பேசப்போவதில்லை. திறந்து வைத்த கேள்வி இது. அதற்கான பதிலை உழைத்துத் தயாரிக்க வேண்டியவர்கள் அந்த எழுத்தில் எழுதுகிறவர்கள்.

பதில் சுலபமும் அல்ல. தோ என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். பைத்தானும் ரஸ்ட் என்ற மொழியும் பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுகின்றன. கோ அப்படிச் செய்வதில்லை. இன்னொரு முடிச்சும் உண்டு: கோ மொழியில் ஒரு பெயர் தன் தொகுப்புக்கு வெளியே தெரிய வேண்டுமானால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. ஒரு விதியைத் தளர்த்தினால் அடுத்த விதி வந்து நிற்கும். இந்த முடிச்சுகளை அவிழ்க்கும் வழியோடு போனால்தான் அது முன்மொழிவு. வெறும் மனு எழுத நாங்கள் கூடவில்லை.

வழி காட்டியவர்கள்

பைத்தானில் மாற்றம் கேட்பவர் ஒரு முன்மொழிவு எழுத வேண்டும். பெப் என்று சொல்லப்படும் அந்த ஆவணம் எப்படி அமைய வேண்டும் என்று சொன்ன முதல் பெப் 2000இல் வந்தது. மாற்றம் ஏன் வேண்டும், பழைய நிரல்களுக்கு என்ன ஆகும், எந்த யோசனைகள் கைவிடப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்று எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். 2007இல் மார்ட்டின் ஃபான் லோவிஸ் எழுதிய 3131ஆம் பெப், ஆங்கிலமல்லாத எழுத்துகளில் பெயர் வைக்க இடம் கேட்டது. உலகம் முழுதும் பகிரும் நிரலை ஒருவர் தம் மொழியில் எழுதினால் மற்றவர் எப்படிப் படிப்பார், ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள் ஏமாற்றாதா என்று கடும் எதிர்ப்பு இருந்தது. எதிர்ப்பைக் கேட்டு, பைத்தானின் சொந்த லைப்ரரியில் ஆங்கில எழுத்துகளே தொடரும் என்ற வரையறையோடு அது ஏற்கப்பட்டது. 2008 டிசம்பரில் பைத்தான் 3.0 வந்ததும், தோல் என்று மாறிக்குப் பெயர் வைப்பது நடைமுறைக்கு வந்தது. ரஸ்ட் மொழியும் நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2021 ஜூனில் 1.53 பதிப்பில் இதற்கு இடம் கொடுத்தது.

எதிர்த்தவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், எழுத்தின் திசையை மாற்றும் மறைகுறிகளை நிரலுக்குள் ஒளித்து, படிப்பவர் கண்ணுக்கு ஒன்றும் கணினிக்கு வேறொன்றுமாகக் காட்டலாம் என்று நிரூபித்தார்கள். வலமிருந்து இடம் எழுதும் உருதுவுக்கு இது நேரடிப் பிரச்சினை. தமிழுக்கும் சொந்தப் பிரச்சினைகள் உண்டு: தமிழ் எண் ௧ பார்க்க க போலவும், ௨ உ போலவும், ௭ எ போலவும் இருக்கும், காலும் ர-வும் பல எழுத்துருக்களில் ஒன்றாகவே தெரியும். இந்தப் பட்டியலை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? எங்கள் முன்மொழிவில் இது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

தமிழில் முன்னோடிகளும் உண்டு. முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கிய எழில், தமிழ்ச் சொற்களால் நிரல் எழுத வழி செய்த கட்டற்ற மொழி. அதில் நிபந்தனை முதலில் வரும், ஆனால் என்ற சொல் அதன் பின்னே வரும். தமிழ் வாக்கியம் நடக்கும் முறையில் நிரலும் நடக்கலாம் என்று அது செய்து காட்டியது. அவர் தொடங்கிய ஓப்பன்–தமிழ் லைப்ரரி, தோல் என்பதை இரண்டு எழுத்தாக எண்ணும். பைத்தானின் சொந்த அளவில் அது நான்கு. ஸ்விஃப்ட் மொழியில் இரண்டு. 2012 முதல் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. இவர்கள் போட்ட பாதையில்தான் நாங்கள் நடக்கிறோம்.

கூலிக் கணக்கும் விதிதான்

எழுத்து மட்டுமே எங்கள் கவலை என்று யாரும் நினைக்க வேண்டாம். அரை வரும் எண்ணை முழுமையாக்குவதில் பைத்தான் 2 ஒரு விதி வைத்திருந்தது. பைத்தான் 3 அதை மாற்றியது. இன்று பைத்தானில் 422.50ஐ ரவுண்ட் செய்தால் 422 வரும், 423.50ஐச் செய்தால் 424 வரும். அரை வந்தால் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் விதி. ஏராளமான எண்களைக் கூட்டும்போது மொத்தம் ஒரே பக்கம் சாயாமல் இருக்க அப்படி வைத்தார்கள். அறிவியல் கணக்குக்கு அது சரி.

ஆனால் பீஸ் ரேட்டில் அப்பர் தைக்கும் பெண்ணுக்கு ஒவ்வொரு நாளின் கூலியும் தனிக் கணக்கு. 422.50 வந்த நாளில் அவர் கையில் ஐம்பது காசு குறையும். ஏன் குறைந்தது என்று சூப்பர்வைசருக்கும் தெரியாது, நிரல் எழுதியவருக்கே தெரியாமல் இருக்கலாம். தோலைச் சதுர அடியில் அளந்து பின்னத்தோடு எழுதும் இடத்தில் இன்னொரு சிக்கல்: 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினி சரியாக 0.3 என்று தராது, கடைசியில் ஒரு துளி ஒட்டிக்கொள்ளும். பணத்துக்கும் அளவைக்கும் பைத்தானிலேயே டெசிமல் என்ற தனி வகை இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் படித்தவர்கள் இங்கே குறைவு. மொழியின் விதி தொழிலாளியின் சட்டைப்பை வரை வருகிறது என்பதால்தான் அந்த விதியைப் பற்றிப் பேசும் பொறுப்பு எங்களுக்கு வருகிறது.

எங்கள் கொள்கைகள்

1. பயன்படுத்துகிறவருக்குப் பேச உரிமை உண்டு. பட்டம், பதவி, சம்பளம், பேசும் ஆங்கிலம் எதுவும் அந்த உரிமைக்கு அளவுகோல் ஆகாது.

2. ஆதாரம் இல்லாமல் வாய் திறக்க மாட்டோம். குறை சொல்லும் ஒவ்வொரு இடத்திலும், யாரும் ஓட்டிப் பார்க்கக்கூடிய சிறு நிரல் ஒன்று கூடவே இருக்கும்.

3. மாற்றத்தின் செலவை நாங்களே முதலில் சொல்வோம். பைத்தான் 3 வந்தது 2008இல். பைத்தான் 2க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1இல். நடுவே உலகம் பட்ட பாட்டை மறந்து மாற்றம் கேட்பது பொறுப்பாகாது. ஓடுகிற நிரலை உடைக்காத வழியைத்தான் முதலில் தேடுவோம்.

4. எதிர்வாதத்தை அதன் முழு பலத்தோடு எழுதுவோம். எதிர்ப்பவர் படித்துவிட்டு, நான் சொல்ல வந்ததை நீங்களே நன்றாகச் சொல்லிவிட்டீர்கள் என்று சொல்லும் அளவுக்கு அது இருக்க வேண்டும்.

5. விவாதம் தமிழில் நடக்கும். முடிவு உலகுக்குப் போகும். முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுதும் வேலையைச் சேர்ந்து செய்வோம். ஆங்கிலத்தில் தடுமாறுகிறார் என்பதற்காக ஒருவருடைய நல்ல யோசனை வெளியே வராமல் போகக்கூடாது.

6. கருத்தோடு மோதுவோம், ஆளோடு மோத மாட்டோம். 2018இல் ஒரே ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய 572ஆம் பெப் விவாதம் எவ்வளவு காரமாகப் போனதென்றால், பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசம் அதை ஏற்றுக்கொண்ட கையோடு, அந்த ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகினார். 2019 முதல் மைய நிரலாளர்கள் தேர்ந்தெடுக்கும் ஐவர் குழு அந்தப் பொறுப்பை வகிக்கிறது. பெரியவர்களையே சோர்வடையச் செய்யும் விவாதம், புதிதாக வரும் மாணவியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எங்கள் கூட்டங்களில் அதற்கு இடமில்லை.

7. உருதுவும் தெலுங்கும் எங்கள் வேலையில் சம உரிமையுள்ளவை. தமிழுக்காகக் கேட்கும் விதி வேறொரு எழுத்தை வெளியே தள்ளுமானால், அந்த விதி எங்களுக்கு வேண்டாம்.

8. இந்த இயக்கம் எழுதும் நிரல், சோதனை, மொழிபெயர்ப்பு, பாடம் அனைத்தும் கட்டற்ற உரிமத்தில் வெளிவரும். எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் இங்கே பேசுவது அவரவர் மனசாட்சிப்படி.

உடனடி வேலைகள்

முதலாவதாக, தமிழ்ச் சோதனைத் தொகுப்பு ஒன்றை உருவாக்குவோம். எழுத்து எண்ணுதல், பின்னோக்கித் திருப்புதல், வரிசைப்படுத்தல், பெயரிடல், தமிழ் எண்கள் என்று ஒவ்வொன்றுக்கும் சோதனை எழுதி, முக்கியமான மொழிகளின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் ஓட்டி, விளைவைப் பொதுவில் வைப்போம். இதில் நமக்குள்ளேயே தீர்க்க வேண்டிய கேள்விகளும் உண்டு. க்ஷ ஓர் எழுத்தா, இரண்டா? யூனிகோடின் பொது விதி இரண்டாகப் பிரிக்கிறது. நம் பாடப்புத்தகம் ஒன்றாகப் பார்க்கிறது. ஸ்ரீ-க்கும் இதே கதி. தமிழாசிரியர்களையும் இந்த விவாதத்துக்கு அழைப்போம்.

இரண்டாவதாக, வாசிப்பு வட்டம். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் மாறி ஊர் கூடி, ஒரு முன்மொழிவை வரிக்கு வரி தமிழில் படிப்போம். ஏற்கப்பட்டதையும் படிப்போம், மறுக்கப்பட்டதையும் படிப்போம். பெண்கள் வீடு திரும்ப வசதியாக மாலைக்கு முன்பே கூட்டம் முடியும்.

மூன்றாவதாக, கூலிக் கணக்குக்கும் சதுர அடிக் கணக்குக்கும் பிழையில்லாத சிறு லைப்ரரி ஒன்றை எழுதுவோம். காசு எந்த விதிப்படி முழுமையாக்கப்படுகிறது என்பதை அது தமிழில் அச்சிட்டுக் காட்டும். சீட்டை வாங்குகிற தொழிலாளி தானே படித்துச் சரிபார்க்க முடியும்.

நான்காவதாக, கோ மொழியில் சேர்க்கைக் குறிகளைப் பெயர்களில் அனுமதிப்பது பற்றிய விரிவான முன்மொழிவு. வடிவை ஒன்றாக்கும் முறை, பெரிய எழுத்து விதிக்கு மாற்று, ஏமாற்றும் எழுத்துகளின் பட்டியல், பழைய நிரல்களுக்கு வரும் விளைவு ஆகிய நான்கையும் ஆராய்ந்து, செய்து காட்டிய நிரலோடு அனுப்புவோம். இதே குறையால் வெளியே நிற்கும் இந்தி, வங்காளம், மலையாளம், சிங்களம் எழுதுகிற நிரலாளர்களையும் கூட்டுச் சேர்ப்போம்.

அழைப்பு

வட்டாரத்துக் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்களே, பள்ளி ஆசிரியர்களே, கம்பெனிகளில் உற்பத்திக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் கணினியில் ஏற்றும் நண்பர்களே, இங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய் வேலை பார்க்கும் சொந்தங்களே, வாருங்கள். உறுப்பினர் கட்டணம் கிடையாது, பரிந்துரை தேவையில்லை. உங்கள் வேலையில் ஒரு நிரல்மொழி தமிழையோ, கூலியையோ, அளவையோ தவறாகக் கையாண்ட இடம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதை அப்படியே மீண்டும் நிகழ்த்திக் காட்டும் பத்து வரி நிரலாக மாற்ற நாங்கள் உட்கார்ந்து உதவுவோம். அந்தப் பத்து வரிதான் உங்கள் உறுப்பினர் சீட்டு.

எங்கள் முன்மொழிவுகள் ஏற்கப்பட்டால் அதன் பயன் எங்களோடு நிற்காது. இந்த எழுத்துகளில் எழுதும் எல்லோருக்கும் போகும். மறுக்கப்பட்டால் மறுத்த காரணத்தை மரியாதையோடு பதிந்து, அதற்கு விடை தேடி, திருத்தி மறுபடி கொண்டுபோவோம். விதி எழுதும் இடத்தில் இனி இந்த வட்டாரம் இருக்கும் என்று இதன் மூலம் அறிவிக்கிறோம்.